கஸ்பாவின் ஓசை: ஒரு றொக் பாடலும் அதன் கேட்போரும்

மேற்குலகின் நாவல்களிலும் ஓவியங்களிலும் திரைப்படங்களிலும் முஸ்லிம் உலகு எவ்வாறு சித்திரிக்கப்பட்டுள்ளது என்பது குறித்து, எட்வர்ட் ஸெய்தின் 'ஓரியண்டலிஸம்' 1978இல் வெளிவந்த நாள்முதல் ஏராளமாக எழுதப்பட்டுவிட்டது. அதே மேற்குலகின் வெகுசனப் பாடல்கள் அந்த அளவு கவனத்தைப் பெறவில்லை. நான்கு நிமிடங்களுக்குள் முடிந்துவிடும் ஒரு நடனப் பாட்டில் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது என்ற எண்ணமே இதற்குக் காரணமாகலாம். ஆனால் ஒரு நாவலைப் படிப்போர் ஆயிரக்கணக்கினர் எனின், வானொலியில் ஒலிக்கும் பாட்டைக் கேட்போர் கோடிக்கணக்கினர். அவர்களுட் பலர் தமக்குத் தெரிந்த ஓரிரு அறபுச் சொற்களை அப்படிப்பட்ட ஒரு பாட்டிலிருந்தே பெற்றிருக்கவும் கூடும். இங்கு நாம் எடுத்துக்கொள்ளும் பாடல் 1982ஆம் ஆண்டு 'த கிளாஷ்' என்ற இங்கிலாந்துக் குழுவினர் வெளியிட்ட 'றொக் த கஸ்பா' என்பதாகும்.

இலண்டனில் 1976இல் உருவான இக்குழு பங்க் எனப்படும் முரட்டு இசையில் தொடங்கி, ஜமேக்காவின் றெகே, நியூயோர்க்கின் நடன இசை முதலியவற்றையெல்லாம் உள்வாங்கிக்கொண்டு, 1980களின் தொடக்கத்தில் 'நியூ வேவ்', அதாவது புதிய அலை என்று வழங்கப்பட்ட போக்கின் முன்னணிக் குழுக்களுள் ஒன்றாக எண்ணப்பட்டது. இனவெறிக்கு எதிராகவும் ஏகாதிபத்தியத்துக்கு எதிராகவும் வெளிப்படையாகப் பாடியவர்கள் இவர்கள். மே 1982இல் வந்த 'கொம்பாற் றொக்' என்ற இவர்களது தொகுப்பில், மேற்கத்தேயப் படைவீரர்கள் வியட்நாமிற் கைவிட்டுச் சென்ற குழந்தைகளையும் இங்கிலாந்தின் குடியேறிகளையும் பற்றிய ஒரு பாட்டு உண்டு. அதன் இசைத்துணுக்கையே பிற்காலத்தில் ஈழத் தமிழ்ப் பெற்றோரின் மகளான மாயா அருள்பிரகாசம் தம்முடைய புகழ்பெற்ற 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டுக்கு அடித்தளமாக்கினார். எனவே முஸ்லிம்களை இழிவுபடுத்தும் நோக்கம் கொண்ட ஒரு குழு எழுதிய பாட்டு என்று இதனை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. ஒதுக்கிவிட முடியாது என்பதனாற்றான் இது நமது கவனத்துக்கு உரியதாகின்றது.

பாட்டின் இசையை அமைத்தவர் குழுவின் மத்தளக்காரரான டொப்பர் ஹெடன். ஏனையோர் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வருமுன்னரே பியானோவையும் பாஸ் கிட்டாரையும் மத்தளத்தையும் தாமே தனித்தனியாக வாசித்து அவர் பதிவுசெய்து வைத்திருந்தார். துள்ளி நின்று மீண்டும் துள்ளும் அந்தப் பியானோ ஓட்டமே இன்றுவரை இப்பாட்டின் உயிர் எனலாம். ஆனால் போதைப்பொருளுக்கு அடிமையாகியிருந்த அவரைப் பாட்டு வெளிவருவதற்குச் சற்று முன்னதாகக் குழு விலக்கிவிட்டது. காணொளியில் மத்தளம் வாசிப்பவர் வேறொருவர்.

சொற்களை எழுதிய ஜோ ஸ்ட்ரமரின் பின்னணி நமக்கு இன்னும் சுவையானது. அவர் பிறந்தது 1952இல் அங்காராவில். பிரித்தானிய வெளிநாட்டுச் சேவையிற் பணியாற்றிய அவரது தந்தை லக்னோவிற் பிறந்தவர். குழந்தைப் பருவத்தின் ஒரு பகுதியை ஸ்ட்ரமர் கெய்ரோவிற் கழித்தார். ஆட்சி சுருங்கிக்கொண்டிருந்த ஒரு பேரரசின் ஊழியர் குடும்பம் முஸ்லிம் நகரங்களை எவ்வளவு அறியுமோ, அவ்வளவே அவர் அறிந்தார் என்று கொள்வதே பொருந்தும். பாட்டு பிறந்த கதையும் இத்தகைய ஒரு கலவையே. குழுவினரின் பாடல்கள் எல்லாம் இராகம்போல நீண்டுகொண்டே போகின்றன என்று முகாமையாளர் பேர்னி ரோட்ஸ் சலித்துக்கொண்டாராம். 'இராகம்' என்ற அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்ட ஸ்ட்ரமர், அதனைக் கைவிடும்படி அரசன் ஆணையிடுவதாகத் தொடங்கினார். ஈரானில் டிஸ்கோ இசைத்தட்டு வைத்திருந்தமைக்காக மக்கள் கசையடி பெறுகின்றனர் என்று அவர் கேள்விப்பட்டிருந்த செய்தி அதனோடு சேர்ந்துகொண்டது.

பாட்டின் கதை சுருக்கமானது. ஒரு நாட்டின் அரசன் இசையைத் தடைசெய்கிறான். மக்கள் கேட்பதாயில்லை. பதவிகள் ஏந்திய பெரியவர்கள் சதுக்கத்தை விட்டு அகன்றதும் பாலைவன பதவிகள் மத்தளத்தை வெளியே எடுக்கின்றனர். உள்ளூர்க் கிட்டார்க்காரனும் சேர்ந்துகொள்கிறான். சினங்கொண்ட அரசன் போர் விமானங்களை அனுப்பி, மினாராக்களுக்கு நடுவே குண்டு வீசுமாறு கட்டளையிடுகிறான். விமானிகளோ கட்டளையை மறந்து விமானத்தின் வானொலியில் அதே இசையைக் கேட்டுக் கூத்தாடுகின்றனர். கதையளவில் இது கொடுங்கோலனுக்கு எதிரான ஒரு நகைச்சுவை. குண்டு விழவில்லை, நகரம் பிழைத்தது.

இங்கே கவனிக்கத்தக்க ஒன்றுண்டு. தலைப்பை மட்டும் கேட்போர், மேற்கிலிருந்து வந்த றொக் இசை கீழைத்தேயக் கோட்டையொன்றை உலுக்குவதாகவே விளங்கிக்கொள்கின்றனர். பாட்டின் சொற்களோ அப்படிக் கூறவில்லை. அரசன் அஞ்சும் அந்த ஓசை கஸ்பாவினுள்ளேயே பிறந்தது. அதனை வாசிப்போர் அந்நகரத்தார். ஓர் ஐரோப்பியன் வந்து அவர்களுக்கு விடுதலை கற்பிப்பதாக ஒரு வரியும் இல்லை. இசையிலும், பாம்பாட்டி மகுடியை ஒத்த போலிக் 'கீழைத்தேய' மெட்டு எதுவும் ஒட்டவைக்கப்படவில்லை. ஹொலிவூட்டும் விளம்பரத் துறையும் நூறாண்டுகளாகச் சலிப்பின்றிச் செய்துவரும் ஒரு காரியத்தை இவர்கள் செய்யாது விட்டமை பாராட்டத்தக்கது.

எனினும் இந்தக் கஸ்பா எங்கே இருக்கிறது? செய்தி தெஹ்ரானிலிருந்து வந்தது. ஆனால் பாட்டு வெளிவந்தபோது ஈரானில் அரசன் இல்லை. அவன் 1979இலேயே நாட்டை விட்டு ஓடிவிட்டான். அந்த அரசனோ இசையைத் தடைசெய்தவனல்லன். ஷீராஸில் 1967முதல் 1977வரை ஆண்டுதோறும் கலைவிழா நடத்தியவன். ஷெய்கும் பதவிகளும் அறபுத் தீபகற்பத்துக்கு உரியோர். கஸ்பா வட ஆபிரிக்காவைச் சேர்ந்தது. இராகம் இந்தியாவிலிருந்து வருகிறது. அரசனின் வெறுப்பை விளக்க யூதரின் உணவுச் சட்டத்துச் சொல்லொன்று வேறு இடையிற் புகுத்தப்பட்டுள்ளது. 'ஷரீஃப்' என்பது நபிகளாரின் வழித்தோன்றல்களுக்கு வழங்கும் கண்ணியப் பெயர். அமெரிக்கக் கேட்போரின் காதில் அது அவர்களது ஊர்க்காவல் அதிகாரியான 'ஷெரிஃப்' என்பதன் எதிரொலியாகவே விழுந்திருக்கும். இவையெல்லாம் வேண்டுமென்றே செய்யப்பட்ட விளையாட்டு என்று பாட்டின் அன்பர்கள் கூறுவர். அதில் உண்மையுண்டு. ஆயினும் மொறோக்கோமுதல் ஈரான்வரை உள்ள நாடுகள் அனைத்தையும் ஒரே நாடகக் கொட்டகையின் திரைச்சீலையாக்கிவிடும் சுதந்திரத்தை ஒரு மேலைக் கலைஞன் எவ்வளவு இலகுவாக எடுத்துக்கொள்கிறான் என்பதும் இவ்விளையாட்டிலேயே தெரிகிறது. பிரான்ஸையும் போலந்தையும் அயர்லாந்தையும் இவ்வாறு குழைத்து ஒரு பாட்டெழுதினால் இலண்டன் கேட்போர் முதல் வரியிலேயே நகைத்திருப்பர்.

கஸ்பா என்ற சொல்லைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். 'கஸபா' என்ற அறபுச் சொல் நாணலையும் குறிக்கும். அரண்சூழ்ந்த உள்நகரத்தையும் குறிக்கும். அல்ஜீரியப் பாலைநிலத்தவர் தமது நாணற் புல்லாங்குழலை இன்றும் 'கஸ்பா' என்றே அழைக்கின்றனர். கோட்டைக்கும் குழலுக்கும் ஒரே வேர்ச்சொல் அமைந்தமையை ஸ்ட்ரமர் அறிந்திருந்தால் மகிழ்ந்திருப்பார். பாரசீகத்தின் வழியாக இந்தியாவுக்கு வந்த இதே சொல்தான் வேலூர் கஸ்பா, ஆம்பூர் கஸ்பா என ஊர்ப்பகுதிகளின் பெயரில் வழங்குகிறது. ஆனால் உலகு அறிந்த கஸ்பா அல்ஜியர்ஸ் நகரத்தினுடையது. பிரெஞ்சு வான்குடைப் படையினர் 1957இல் வீடு வீடாகப் புகுந்து சித்திரவதை செய்து அடக்க முயன்றது அந்தக் கஸ்பாவையே. பொன்டெகோர்வோவின் 'அல்ஜியர்ஸ் சமர்' என்ற 1966ஆம் ஆண்டுத் திரைப்படத்தின் வாயிலாக ஐரோப்பிய இடதுசாரி இளைஞர் அனைவரும் அதனை அறிந்திருந்தனர். மினாராக்களுக்கு நடுவே வெடிவைத்து வீடுகளைத் தகர்த்தவன் அங்கு உள்நாட்டு அரசனல்லன். இந்த நினைவு பாட்டில் எங்கும் இல்லை. ஏகாதிபத்தியத்தை எதிர்த்த ஒரு குழுவின் பாட்டில் அது இல்லாமற் போனமை பெருங்குறையென்றே நாம் கருதுகிறோம்.

இதனினும் கனமான ஆட்சேபம் வேறொன்று. இசைத்தடை நபிகளாரின் ஆணையின் பெயரால் விதிக்கப்படுவதாகப் பாட்டின் ஓரிடம் கூறுகிறது. ஒரு கொடுங்கோலன் அவ்வாறு கூறிக்கொள்கிறான் என்று அதனை வாசிக்கலாம்; அவ்வாறு வாசிப்பதே நேர்மையானது. ஆனால் இத்துறையில் ஒரே ஓர் ஆணையும் ஒரே ஒரு விடையுமே இருந்தன என்ற எண்ணம் கேட்போர் மனத்தில் தங்கிவிடுகிறது. உண்மையோ வேறு. பெருநாள் தினத்தில் ஆயிஷா நாயகி (ரழி) அவர்களின் இல்லத்தில் இரு சிறுமியர் பாடிக்கொண்டிருந்ததையும், அபூபக்ர் (ரழி) அவர்கள் கண்டித்தபோது அவர்களை விட்டுவிடுமாறு நபிகளார் (ஸல்) கூறியதையும் புகாரியும் முஸ்லிமும் பதிவுசெய்துள்ளனர். ஒன்பதாம் நூற்றாண்டில் இப்னு அபித் துன்யா இசைக்கருவிகளைக் கண்டித்து ஒரு தனிநூல் எழுதினார். பதினோராம் நூற்றாண்டில் அந்தலூசியாவின் இப்னு ஹஸ்ம் தடைக்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட அறிவிப்புகளின் வலிமையையே கேள்விக்குள்ளாக்கினார். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா'வின் 18ஆம் நூலை முழுவதும் இப்பொருளுக்கே ஒதுக்கினார்கள். காலம், இடம், கூடியிருப்போர், கேட்பவனின் உள்ளநிலை ஆகியவற்றை வைத்தே ஓசையை எடைபோட வேண்டும் என்பது அவர்களது அணுகுமுறை. சில கருவிகளை அவர்கள் விலக்கியதும், அவற்றின் இனிமைக்காக அன்றி, மதுக்கூடங்களோடு அவற்றுக்கு ஏற்பட்டுவிட்ட தொடர்புக்காகவே. ஆயிரம் ஆண்டுகள் அறிஞர்கள் ஒருவரையொருவர் மறுத்து விவாதித்த ஒரு விடயத்தை ஓர் அரசனின் எரிச்சலாகச் சுருக்கிவிடுவது பாட்டுக்கு வசதியானது. இவ்விவாதத்தில் எப்பக்கம் நிற்போரும் அந்தச் சுருக்கத்தை ஏற்கமாட்டார்கள்.

அதே வேளையில், கொடுமை எதுவும் நடக்கவில்லை என்று நாம் வாதிட வரவில்லை. ஜூலை 1979இல் இமாம் குமைனி இசையை அபினுக்கு ஒப்பிட்டுப் பேசியதைத் தொடர்ந்து ஈரானிய வானொலியிலிருந்தும் தொலைக்காட்சியிலிருந்தும் அது பெருமளவு அகற்றப்பட்டது. அவரே 1988இல், ஆகுமான பயன்பாடுள்ள இசைக்கருவிகளை வாங்கலாம், விற்கலாம் என்று ஃபத்வா வழங்கினார். பாட்டைத் தெரிந்துவைத்திருப்போருள் இந்த இரண்டாவது செய்தியை அறிந்தோர் சிலரே. ஆயினும் முதலாவது செய்தி உண்மைதான்.

இனி விமானங்களுக்கு வருவோம். மினாராக்களைக் கொண்ட நகரொன்றை அதன் ஆட்சியாளனே தகர்த்த நிகழ்ச்சி அந்த ஆண்டிலேயே நடந்தது. பெப்ரவரி 1982இல் ஸிரிய அரசு தனது ஹமா நகரத்தை விமானத்தாலும் பீரங்கியாலும் தாக்கிப் பல்லாயிரம் பேரைக் கொன்றது. அந்த அரசு மதத்தின் பெயரால் ஆண்டதன்று. மதச்சார்பற்ற பஅத் கட்சியினுடையது. பாட்டு இசைத்தட்டாக வெளிவந்தது ஜூன் 1982இல். அதே மாதம் 6ஆம் திகதி இஸ்ரேல் லெபனானுக்குட் புகுந்தது. அந்தக் கோடை முழுவதும் பெய்ரூத்தின் மீது குண்டுகள் விழுந்தன. அந்த விமானிகளுள் எவரும் வானொலியைத் திருப்பிவிட்டுக் கட்டளையை மறந்ததாக நாம் அறியோம்.

இதே காலத்தில் பாட்டுக்குரிய காணொளி டெக்சாஸ் மாநிலத்தின் ஒஸ்டின் நகரில் எடுக்கப்பட்டது. இயக்கியவர் டொன் லெட்ஸ். ஜமேக்கக் குடியேறிகளின் மகன். ஓர் அறபுச் செல்வந்தரும் ஒரு ஹஸீதிய யூதரும் எண்ணெய்க் கிணறுகளுக்கு இடையே நட்போடு பயணம் செய்து, கிளாஷ் குழுவின் கச்சேரிக்கு வந்து சேருகின்றனர். இருவரையும் அவரவர் மரபை மீறச் செய்து நகைக்கவைப்பதே இயக்குநரின் உத்தி. அறபியின் கையில் பீர்க் குவளை இருப்பது அதன் ஒரு பகுதி. தீய எண்ணத்தோடு செய்யப்பட்டது என்று சொல்ல முடியாவிடினும், முஸ்லிமும் யூதரும் ஒன்றாவதற்கு இருவரும் தம் மார்க்கத்தைச் சற்றுக் கழற்றிவைக்க வேண்டும் என்ற உட்பொருள் நமக்கு உவப்பானதன்று. அப்போது ஒரு வயதேயான எம்.டி.வி. தொலைக்காட்சி அக்காணொளியை ஓயாது ஒளிபரப்பியது. இங்கிலாந்தில் 30ஆம் இடத்தோடு நின்றுவிட்ட பாட்டு, 1983இன் தொடக்கத்தில் ஐக்கிய அமெரிக்காவில் 8ஆம் இடத்தைத் தொட்டது. அந்நாட்டில் முதற் பத்துள் நுழைந்த இக்குழுவின் ஒரே பாட்டு இதுதான்.

ஐக்கிய அமெரிக்காவில் அது பெற்ற இந்த வெற்றியே பின்னர் அதன் பொருளைத் தலைகீழாக்கியது. ஜனவரி 1991இல் ஈராக்குக்கு எதிரான வான்தாக்குதல் தொடங்கியபோது, அமெரிக்கப் படையினரின் வானொலி அப்பிராந்தியத்தில் முதலில் ஒலிபரப்பிய பாட்டு இதுவென்று பதிவாகியுள்ளது. பாக்தாத்துக்கு அனுப்பப்பட்ட குண்டொன்றின் மீது இத்தலைப்பு எழுதப்பட்டிருந்ததாகவும், அதனைக் கேள்வியுற்ற ஸ்ட்ரமர் கண்ணீர் விட்டழுததாகவும் அவரை அறிந்தோர் கூறியுள்ளனர். பாட்டினுள் விமானிகள் இசையைக் கேட்டுக் குண்டு வீச மறந்தார்கள். பாட்டுக்கு வெளியே விமானிகள் அதே பாட்டைக் கேட்டுக் குண்டு வீசினார்கள். அதே ஆண்டில் மறுபதிப்புப் பெற்ற இசைத்தட்டு இங்கிலாந்தில் 15ஆம் இடம்வரை ஏறியது.

இதற்கு ஸ்ட்ரமர் பொறுப்பாளியா? படைவீரர்கள் பாட்டைத் தவறாக விளங்கிக்கொண்டனர் என்று சொல்லி முடித்துவிடுவோர் உளர். எமக்கு அது போதுமான விடையாகத் தோன்றவில்லை. ஆங்கிலத்தில் 'றொக்' என்ற சொல்லுக்கு ஆடவைத்தல் என்றும் பொருளுண்டு, அதிர்ந்து குலுங்கச் செய்தல் என்றும் பொருளுண்டு. ஏவல் வினையாக அமைந்த தலைப்பில், ஏவுபவர் யார், ஏவப்படுபவர் யார் என்பது சொல்லப்படவில்லை. நகருக்கு ஒரு நாடு இல்லை. அரசனுக்கு ஒரு பெயர் இல்லை. பெயரற்ற நகரத்தின் மீது எவரும் தமக்கு வேண்டிய பெயரை எழுதிக்கொள்ளலாம். தெஹ்ரானை எண்ணி எழுதப்பட்டது பாக்தாத்தின் மேல் எழுதப்படலாம். கொடுங்கோலனைப் பற்றிய நகைச்சுவை அவனால் ஒடுக்கப்பட்டோரின் கூரைமேல் விழும் குண்டின் அலங்காரமாகலாம். பாட்டின் அந்த விளையாட்டான கலவை இதற்கு இடங்கொடுத்தது. எண்ணம் தூயது, ஆனால் வேலைப்பாடு கவனமற்றது என்பதே எமது தீர்ப்பு.

பின்வந்த ஆண்டுகளில் நிகழ்ந்தவை சில வேடிக்கையாகவும் இருந்தன. செப்டெம்பர் 2001 தாக்குதல்களின் பின், ஆயிரத்துக்கு மேற்பட்ட வானொலி நிலையங்களைக் கொண்டிருந்த கிளியர் சனல் நிறுவனத்தினுள் சுற்றுக்கு விடப்பட்ட ஒரு பட்டியல், அச்சூழலில் ஒலிபரப்ப உகந்தவையல்ல என்று நூற்றைம்பதுக்கு மேற்பட்ட பாடல்களைக் குறித்தது. 'றொக் த கஸ்பா' அதில் இடம்பெற்றது. இசையைத் தடைசெய்யும் அரசனை நகைத்த பாட்டு ஓர் அமெரிக்க நிறுவனத்தின் விலக்குப் பட்டியலில்! அதே பட்டியலில் கற் ஸ்டீவன்ஸ் தம் பழைய வாழ்வில் சமாதானத்தையும் விடியலையும் பாடிய இரு பாடல்களும் இருந்தன. 1977இல் இஸ்லாத்தைத் தழுவி யூஸுஃப் இஸ்லாமாகிய அவர், தம் கிட்டார்களை அறப்பணிக்காக ஏலத்தில் விட்டுவிட்டு இசைத்துறையை விட்டே விலகியிருந்தவர். நெடுங்காலச் சிந்தனையின் பின் 2006இல் மீண்டும் கிட்டாரோடு வந்தார். எந்த அரசனும் அவரைத் தடுக்கவுமில்லை, அனுமதிக்கவுமில்லை. இசை குறித்த கேள்வியைத் தன் மனச்சாட்சியோடு முப்பது ஆண்டுகள் விவாதித்த ஒரு முஸ்லிமுக்கு ஸ்ட்ரமரின் பாட்டில் இடமே இல்லை. அங்கே உள்ளோர் இருவகையினரே: தடுக்கும் பெரியவர்கள், ஆடும் கூட்டம். முஅத்தினும்கூட ஷெய்கின் மோட்டார் வண்டியின் முகப்பில் நிற்கும் ஒரு சிறு பொம்மையாகவே தோன்றுகிறார்.

அதே 2006இல் அமெரிக்க வலதுசாரி இதழான 'நஷனல் ரிவியூ' தான் தெரிந்தெடுத்த 50 பழைமைபேண் றொக் பாடல்களுள் 20ஆவதாக இதனை அமர்த்தியது. தம்மைச் சோஷலிஸ்ட் என்று கூறிக்கொண்டவரின் பாட்டுக்கு இந்த மரியாதை. ஸ்ட்ரமர் டிசம்பர் 2002இலேயே மறைந்துவிட்டமையால் இதனைக் காணவில்லை. தலைப்போ முஸ்லிம் உலகு முழுவதற்குமான ஒரு முத்திரையாகிவிட்டது. அறபு எழுச்சிகளைப் பற்றி ரொபின் ரைட் 2011இல் எழுதிய நூல், காஸாவை ஆக்கிரமித்து நின்ற படையினரைப் பற்றிய 2012ஆம் ஆண்டின் இஸ்ரேலியத் திரைப்படம், தன்ஜாவின் செல்வக் குடும்பமொன்றைப் பற்றி லைலா மர்ராகிஷி 2013இல் எடுத்த மொறோக்கத் திரைப்படம், ஆப்கானிஸ்தானில் நிகழும் 2015ஆம் ஆண்டின் ஹொலிவூட் திரைப்படம் ஆகிய யாவும் இதே தலைப்பைத் தாங்கின. காபூலுக்கும் கஸ்பாவுக்கும் என்ன உறவு என்று கேட்போர் இல்லை.

உண்மையான கஸ்பாவில் அக்காலமெல்லாம் என்ன ஓசை கேட்டது? அல்ஜியர்ஸின் கஸ்பாவில் 1907இற் பிறந்த அல்ஹாஜ் முஹம்மத் அல்அன்கா, அந்தலூசிய மரபிசையிலிருந்தும் நபிகளாரைப் புகழும் மதீஹ் பாடல்களிலிருந்தும் 'ஷஅபி' என்ற மக்களிசையை வளர்த்தெடுத்தார். முடிதிருத்தும் கடைகளிலும் காப்பிக் கடைகளிலும் திருமண வீடுகளிலும் அது ஒலித்தது. முஸ்லிம்களும் யூதர்களும் அருகருகே அமர்ந்து அதனை வாசித்தனர். அதற்கென அவர்கள் எதனையும் கழற்றிவைக்கவில்லை. டெக்சாஸில் நடிகர்களை வைத்து டொன் லெட்ஸ் கற்பனை செய்த நட்பு அங்கே அன்றாட வாழ்வாக இருந்து, 1962இல் யூதக் குடும்பங்கள் பெரும்பாலும் வெளியேறும்வரை நீடித்தது. கஸ்பாவுக்கு வெளியிலிருந்து எவரும் ஆட்டம் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

இந்த மரபின் வாரிசாகிய ஒருவரே 'றொக் த கஸ்பா'வைத் தன் வீட்டுக்கு அழைத்து வந்தார். 1958இல் மேற்கு அல்ஜீரியாவின் ஸீக் நகரிற் பிறந்து, பத்து வயதிற் பிரான்ஸ் சென்ற ரஷீத் தாஹா, லியோன் நகரில் பகலில் தொழிற்சாலையிலும் மாலையில் இசையிலுமாக வாழ்ந்தவர். நண்பர்களோடு அவர் அமைத்த குழுவின் பெயர் 'வதிவிட அனுமதிச் சீட்டு' என்று பொருள்படும் பிரெஞ்சுத் தொடர். கிளாஷ் குழுவினர் 1981இல் பாரிஸுக்கு வந்தபோது தம் ஒலிநாடா ஒன்றை அவர்களிடம் கொடுத்ததாக அவர் கூறுவார். அடுத்த ஆண்டு பாட்டைக் கேட்டதும், தமது நாடாவை அவர்கள் கேட்டிருக்கத்தான் வேண்டும் என்று அவர் நினைத்துக்கொண்டார். அது மெய்யோ அன்றோ, பாரிஸிலும் லியோனிலும் கஸ்பாவின் பிள்ளைகள் அப்போதே மின் கிட்டாரோடு நின்றிருந்தனர் என்பது மெய்.

ஷஅபிக் கலைஞர் தஹ்மான் அல்ஹர்ராஷியின் புலம்பெயர் பாட்டான 'யா ராயிஹ்' என்பதை 1990களில் உலகறியச் செய்த தாஹா, 2004இல் 'தேகீத்துவா' தொகுப்பில் ஸ்ட்ரமரின் பாட்டை அல்ஜீரிய அறபில் பாடினார். பியானோவின் இடத்தை ஊதும் நரம்பிசையும் தர்புக்காவும் எடுத்துக்கொள்கின்றன. துள்ளல் குறைந்து கனம் கூடுகிறது. கரகரத்த அக்குரலில் கஸ்பா ஒரு நாடகத் திரைச்சீலையாக இல்லை. அது முகவரி உள்ள இடம். அந்த முகவரியில் 1990கள் முழுவதும் நடந்தவற்றைக் கேட்போர் நினைக்காமலிருக்க முடியாது. அந்த உள்நாட்டுப் போரில் இறந்தோர் ஒரு இலட்சத்துக்கு மேல். ஒரான் நகரில் 1994இல் பாடகர் ஷப் ஹஸ்னியும், மறு ஆண்டில் இசைத் தயாரிப்பாளர் ரஷீத் பாபா அஹ்மதும், 1998இல் கபிலியப் பாடகர் லூனஸ் மஅதூபும் சுட்டுக் கொல்லப்பட்டனர். பாடியதற்காகக் கொல்லப்படுவது என்பது இலண்டனில் ஒரு நகைச்சுவையின் கருப்பொருள். தாஹாவுக்கு அது தோழர்களின் பெயர்ப்பட்டியல். இசையை வெறுத்த ஆயுததாரிகள் ஒரு பக்கமும், மறு பக்கத்தில் எவர் ஆணைக்கும் கட்டுப்படாத படைத்தளபதிகளும் இருந்த நாட்டில், பாட்டின் பெயரற்ற 'ஷரீஃப்' எந்த முகத்தையும் அணிந்துகொள்ள முடிந்தது. ஸ்ட்ரமரின் கையில் குறையாக இருந்த அந்தப் பெயரின்மை தாஹாவின் கையில் ஒரு பாதுகாப்பாகிறது. பாடுபவர் எங்கிருந்து பாடுகிறார் என்பது பாட்டின் பொருளை எவ்வளவு மாற்றிவிடுகிறது என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு எமக்குத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 2021இல் தாலிபான்கள் காபூலைக் கைப்பற்றியதன் பின் அங்கிருந்த தேசிய இசைக் கல்லூரி மூடப்பட்டு, அதன் மாணவர்கள் போர்த்துக்கலிற் தஞ்சமடைந்தனர். அதே மாதத்தில் அந்தராப் பள்ளத்தாக்கின் நாட்டார் பாடகர் ஃபவாத் அந்தராபி கொல்லப்பட்டார். ஜூலை 2023இல் ஹிராத்தில் இசைக்கருவிகள் குவித்து எரிக்கப்பட்டன. ஹிராத் ஜாமியின் நகரம். இச்செய்திகள் வரும்போதெல்லாம் மேலைப் பத்திரிகைத் தலைப்புகளில் ஸ்ட்ரமரின் பாட்டு எட்டிப் பார்ப்பதைத் தவிர்க்க முடியாது. ஆனால் எரிக்கப்பட்டவை ஆப்கானிய முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்து வாசித்துவந்த கருவிகள் என்பதை அத்தலைப்புகள் சொல்லும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

ஈராக் ஆக்கிரமிப்பு நடந்துகொண்டிருந்த 2005இல், போரை எதிர்ப்போர் இலண்டனில் நடத்திய ஒரு கச்சேரியில் ரஷீத் தாஹா இப்பாட்டை அறபில் பாடினார். பக்கத்தில் கிட்டார் வாசித்தவர் கிளாஷ் குழுவின் மிக் ஜோன்ஸ். ஸ்ட்ரமர் மறைந்து மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. தாஹா செப்டெம்பர் 2018இல் பாரிஸில் காலமாகி, தாம் பிறந்த ஸீக் நகரத்து மண்ணில் அடக்கம் செய்யப்பட்டார்.